பாட்டனின் பண்ணை வாசலில்

ஜேர்மனியில், பிரேமன் துறைமுகத்தில், நான் வேலை செய்கிற கப்பலைத் திருத்துகிறார்கள். இன்று எனக்கு வேலை இல்லை. இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரன் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் ஒரு கிராமத்துக்கு வந்திருக்கிறேன். இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்திய அம்மா வழிப் பாட்டன் ஒருவன் இந்த ஊர்க்காரன். ஒல்லாந்தரின் டச்சுப் பட்டாளத்தில் சேர்ந்து யாழ்ப்பாணக் கோட்டைக் காவலுக்கு வந்தவன். அங்கேயே கல்யாணம் கட்டி அங்கேயே செத்தான். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஏன் புறப்பட்டான் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அவன் குடும்பப் பெயர் உள்ள பண்ணை இன்னும் இருக்கிறது. வாசலில் என் வயதுப் பெண் ஒருத்தி பால் வாளி கழுவுகிறாள். செல்வம் ஜேர்மனில் விசயத்தைச் சொல்கிறான். அவள் என் கறுத்த முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்கிறாள்.

"அண்ணை, காணியில பங்கு கேட்டு வந்தனீங்களோ எண்டு கேக்கிறா."

"இல்லையெண்டு சொல்லும். அந்த மனிசன் ஏன் ஊரை விட்டவர் எண்டு மட்டும் கேளும்."

இங்கே பண்ணையைத் துண்டு போடுவதில்லையாம். முழுவதும் ஒரு பிள்ளைக்குத்தான். மற்றவன் கூலிக்குப் போகலாம், இல்லாவிட்டால் பட்டாளத்துக்கு. அவளுடைய இளைய மகனும் போன மாதம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். போகும்போது தாயோடு கதைக்கவில்லை.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இன்னொன்று கேட்கிறாள். செல்வம் என் பக்கம் திரும்பிச் சொல்கிறான்.

"உங்கட ஆள் பிறகு தாயைப் பாக்க வந்தவரோ எண்டு கேக்கிறா."

"ஓம், ஒருக்கா வந்தவர் எண்டு சொல்லும்."