திண்டிவனத்தில் பதினொரு மணிச் சாப்பாடு

ஞாயிறு, காலை 8.20. விழுப்புரம் சந்திப்பில் இறங்கியபோது நல்ல பசி. முதல் நாள் மாலையே கரூரிலிருந்து கிளம்பி, திருச்சியில் தங்கை வீட்டில் படுத்து, விடியற்காலை ஐந்து மணி வண்டியைப் பிடித்திருந்தேன். திருச்சியிலிருந்து விழுப்புரம் நூற்றெண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தங்கை இட்லி கட்டித் தர வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

உத்தரவு போட்டவன் ஆரோக்கியம். மஸ்கட்டுக்கு வெளியே ஒரு கட்டுமான முகாமில் ஆறு வருடம் நாங்கள் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். நான் எலக்ட்ரீஷியன். முகையூர்க்காரனான ஆரோக்கியத்துக்குச் சமையல் வேலை. மூன்றாவது ஆள் தரணேந்திரன், முகாமில் ஸ்டோர் கீப்பர். செஞ்சிக்குப் பக்கத்துச் சமணக் குடும்பம். கறி, மீன், முட்டை எதையும் தொடமாட்டான், இருட்டிய பிறகு சாப்பிடவும் மாட்டான். ஊர் திரும்பி ஒன்பது வருடம் ஆகிறது. கரூரில் நான் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். தரணி மல்லாட்டை வியாபாரம் செய்கிறான். மல்லாட்டை என்றால் நம் நிலக்கடலைதான். இந்தப் பக்கத்தில் கடலை என்று கேட்டால் வேறு எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். ஆரோக்கியம் திண்டிவனத்தில் மெஸ் நடத்துகிறான். போனில் பேசிக்கொள்வோமே தவிர, மூவரும் ஒன்றாக உட்கார்ந்தது கிடையாது.

8.50. புதிய பேருந்து நிலையம். சென்னை போகும் பஸ்கள் திண்டிவனத்துக்குள் நுழையாமல் மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால் கண்டக்டரிடம் முன்கூட்டியே விசாரித்தேன்.

“உள்ள போவும் சார். ஜல்தி ஏறுங்க, எடுத்துக்கினே இருக்கான் பாருங்க.”

டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கரும்பு, அதை விட்டால் நெல், அதையும் விட்டால் பனைமரங்கள். ஏரிக்கரைகளில் பனைகள் வரிசையாக நின்றன. எங்கள் ஊர்ப் பக்கம் தென்னையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த முரட்டு மரங்களின் அழகு பிடிபடச் சற்று நேரமாகிறது. பிடிபட்டபின் கண்ணை எடுக்க முடியவில்லை. கூட்டேரிப்பட்டு வரும்வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

9.45. திண்டிவனம். தரணி தன் பழைய ஆம்னி வேனோடு காத்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. மற்றபடி அதே ஒல்லி உடம்பு, அதே தேய்த்த வெள்ளைச் சட்டை. வேனின் பின்சீட்டில் மூன்றடுக்குத் தூக்கு ஒன்று இருந்தது.

“உன் சாப்பாட்டை நீயே எடுத்துக்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டேன்.

“பின்ன? அவன் கடையில எனக்கு இன்னா இருக்குது, தண்ணிதான்,” என்றான்.

“ஞாயித்துக்கிழமை உனக்கு மார்க்கெட் லீவுதானே? எனக்காக வந்தியா?”

“உனக்காகவும்தான்” என்று சொல்லி வண்டியை எடுத்தான். அந்த ‘உம்’ எனக்கு அப்போது உறைக்கவில்லை.

10.00. மெஸ், மரக்காணம் சாலையில் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தகரக் கூரை, எட்டு மேசை, வாசலில் ஒரு வேப்பமரம். மற்ற நாட்களில் வழக்கமான சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்தரைக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். காலைப் பலகாரம் என்றும் சொல்ல முடியாது, மதியச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது. முதல் பூசை முடித்து வருகிறவர்கள், சனிக்கிழமை வேலை முடித்துத் தாமதமாக எழுந்தவர்கள், குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேளை அது. இட்லி, கறிக்குழம்பு, குடல் வறுவல், கேட்டால் கேப்பைக் களி. ஒரு ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய்.

ஆரோக்கியம் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். அவன் மனைவி பிலோமினா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, “அண்ணே, ஒன்பது வருஷமா வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தீங்களே” என்று சிரித்தாள்.

சமையலறைக்குள் போனோம். பெரிய தேக்சா ஒன்றில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கே நான் பார்த்ததை என்னால் நம்ப முடியவில்லை. தரணி செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பருகே போனான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கண்ணை மூடி, குழம்பின் ஆவியில் முகத்தைக் காட்டி, ஆழமாக மூச்சை இழுத்தான். ஆறு வருடமும் நாங்கள் கறி சாப்பிடும்போது ஜன்னலோரம் எழுந்து போய் உட்கார்ந்தவன் அவன்.

“இஞ்சி பூண்டு பச்சை வாசனை இன்னும் போவல. சோம்பு தூக்கலா இருக்குது. அஞ்சு நிமிஷம் விடு” என்றான்.

ஆரோக்கியம் தலையாட்டித் தீயைக் குறைத்தான்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். “கறியே தின்னாதவன்கிட்ட பக்குவம் கேட்கிறியாடா? நல்ல சமையக்காரன்டா நீ!”

யாரும் சிரிக்கவில்லை. ஆரோக்கியம் கரண்டியைத் துடைத்தபடி வேறு பக்கம் பார்த்தான். பிலோமினா என் கையில் டீ டம்ளரைக் கொடுத்து, “வெயில் ஏறுதுண்ணே, வெளிய காத்தாட உட்காருங்க” என்றாள். ஏதோ தவறாகப் பேசிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

11.00. எட்டு மேசையும் நிரம்பிவிட்டன. மரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எனக்கும் இலை போட்டார்கள். கரூரில் நான் சாப்பிடாத கறிக்குழம்பு இல்லை. ஆனால் இது வேறு. மிளகாய்க் காரம் முன்னால் வராமல், வறுத்த தனியாவின் மணம் முதலில் வந்து, தேங்காயின் இனிப்பு கடைசியில் வந்து சேர்ந்தது. ஆறு இட்லி சாப்பிட்டேன். ஏழாவது இட்லியோடு எழுந்து சமையலறைக்குள்ளேயே போய், ஆரோக்கியத்தின் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன். அவன் இட்லித் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தேக்சாவில் அடுத்த பந்திக்கான குழம்பு வெந்துகொண்டிருந்தது. தண்ணீர் லாரிக்கு வழி விட வேண்டுமென்று யாரோ கூப்பிட, தரணி வேனை நகர்த்த வெளியே போனான்.

நான் பழைய கதை பேச ஆரம்பித்தேன். முகாமில் மணல் காற்று அடித்த நாளில் மூவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து ரொட்டி தின்ற கதை. ஆரோக்கியம் வயிறு குலுங்கச் சிரித்தான். அப்போதே என் மூக்கில் ஒரு கருகல் வாடை தட்டியது. மசாலா வறுக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது வருடம் கரண்டி பிடித்தவன் பக்கத்திலேயே நிற்கும்போது நான் என்ன சொல்வது? பேசிக்கொண்டே இருந்தேன்.

தரணி ஓடிவந்தான். நேராகப் போய் அடுப்பை அணைத்தான். கரண்டியை விட்டுக் கிளறியபோது அடியிலிருந்து கறுப்பாக வந்தது.

ஆரோக்கியம் என்னைப் பார்த்தான். “உனக்கு வாடை வந்துதா மணி?”

“வந்தது.”

“எனக்கு வரல” என்றான். “ரெண்டு வருஷமா எதுவுமே வரல.”

ஒரு காய்ச்சல், பத்து நாள் படுத்திருந்தான். எழுந்தபோது மூக்கு போயிருந்தது. புதுச்சேரியில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். நாக்கில் உப்பு, புளிப்பு, காரம் தெரியும், வாசனை தெரியாது. நிறத்தைப் பார்த்தும் கொதிக்கிற சத்தத்தைக் கேட்டும் ஒரு வருடத்துக்கு மேல் சமாளித்திருக்கிறான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிபிடித்த குழம்பைத் தெரியாமல் பரிமாறிவிட்டான். ஒலக்கூரிலிருந்து வரும் லாரிக்காரர் ஒருவர் கடை நடுவில் நின்று கத்தியிருக்கிறார். மூன்று வாரம் கடை திறக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் பதினெட்டுக் கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன் தரணி. அன்றிலிருந்து ஒரு ஞாயிறு விடாமல் வருகிறான். மற்ற நாட்களில் பிலோமினாவே மோந்து பார்த்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவளால் கல்லாவை விட்டு வர முடியாது. வெளியே யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் பிலோமினாதான் அவசர அவசரமாக என்னிடம் சொன்னாள்.

வெளியே மேசைகள் காத்திருந்தன. “கறி தீந்துபோச்சுன்னு சொல்லிடறேன்” என்றாள் பிலோமினா.

“வேணாம்” என்றான் ஆரோக்கியம். “இன்னும் எத்தினி நாளைக்குப் பேஜாரு புடிச்சிக்கினு ஒளிஞ்சிக்கினு இருக்கறது?”

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். நானும் தரணியும் கதவருகே நின்றோம்.

“எல்லாரும் மன்னிக்கணுங்க” என்றான். “ரெண்டாவது குழம்பு அடிபுடிச்சிப் போச்சு. கீழ ஊத்தப்போறேன். எனக்கு மூக்கு வேலை செய்யலைங்க. ரெண்டு வருஷமாவே இல்ல. என் பிரண்டுதான் வாரா வாரம் வந்து மோந்து பாத்துச் சொல்றான். இன்னிக்கு அவன் அந்தாண்ட போன நேரத்துல இப்பிடி ஆயிப்போச்சு. புதுசா வைக்க ஒன்றரை மணி நேரம் ஆவும். போறவங்க போலாம், நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”

ஒரு குடும்பம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனது. பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர் போனார்கள். மரத்தடியிலிருந்து கனத்த உடம்புக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். பிலோமினா என் காதில், “இவருதாண்ணே அன்னிக்குக் கத்துனது” என்றாள்.

அவர் ஆரோக்கியத்தின் எதிரில் வந்து நின்றார். “முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா? தெரிஞ்சிருந்தா நான் அன்னிக்கு அந்த மாதிரி பேசியிருப்பனா?” பிறகு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சட்னி இருக்குதில்ல? இட்லி எடுத்தாரச் சொல்லு. குழம்பு வர்றப்ப வரட்டும். எனக்கு வீட்ல இன்னா வேலை?”

அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் வெங்காயம் உரித்தேன். தரணி தூக்கைத் திறந்து தன் புளிச்சோற்றை நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுப்புக்குப் போனான். பன்னிரண்டு ஐம்பதுக்குக் குழம்பு இறங்கியது. ஒன்றரை மணிநேரமும் எழுந்து போகாமல் பேசிக்கொண்டிருந்த அந்தப் பதினெட்டுப் பேரை நான் எண்ணி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு டீ ஐந்து நிமிடம் தாமதமானால் கடையை மாற்றிவிடுவோம்.

பிற்பகல் 2.30. கடையைப் பூட்டிவிட்டு, பிலோமினாவைத் தேவாலயத்துக்கு அருகில் இருந்த அவள் அக்கா வீட்டில் விட்டு, மூவரும் புதுச்சேரி சாலையில் கிளம்பினோம். முப்பது கிலோமீட்டருக்குள் சேதராப்பட்டு வந்துவிடுகிறது. அங்கே மாநில எல்லை தாண்டியாயிற்று என்பதைக் கடைப் பலகைகளை வைத்தே கண்டுபிடிக்கலாம். தரணி குடிக்கமாட்டான் என்பதால் வண்டி ஓட்டுவதில் சிக்கல் இல்லை. கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு பாரின் பின்புறம், மரநிழலில் இடம் கிடைத்தது. புதுச்சேரியிலேயே காய்ச்சுகிற பீர், பெரிய பாட்டில் நூற்று முப்பது ரூபாய். பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. தரணிக்குப் பன்னீர் சோடா. தொட்டுக்கொள்ள வேகவைத்த மல்லாட்டை. தரணி ஒன்றை உடைத்துப் பார்த்து, “இது இந்த ஊர்ச் சரக்கு இல்ல” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தட்டில் பாதியை அவனே காலி செய்தான்.

ஆரோக்கியம் முதல் மடக்கைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தான்.

“மணி, இதுல கசப்பு இருக்குதா?”

“இருக்கு.”

“ஜில்லுனு இருக்குது, மூக்குல கேஸ் ஏறுது, நாக்குல கசக்குது. அவ்ளோதான?”

“அவ்வளவுதான்.”

“அப்ப நீ குடிக்கறதும் நான் குடிக்கறதும் ஒண்ணுதான்” என்றான். எவ்வளவு நாள் கழித்து அவன் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்கிறான் என்பது தரணியின் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உண்மையில் பீரிலும் வாசனை உண்டு. வறுத்த தானிய மணம் லேசாக வரும். நான் அதைச் சொல்லவில்லை.

ஆளுக்கு ஒரு பாட்டிலோடு நிறுத்திக்கொண்டோம். ஒன்றரை மணிநேரம் பேசினோம். கடைக்கு நிரந்தரமாக ஒரு ஆளை வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. “நீ எத்தனை நாளைக்குத்தான் வருவே?” என்று ஆரோக்கியம் கேட்டதற்கு, “வர முடியாதப்ப சொல்றேன்” என்பதோடு தரணி முடித்துக்கொண்டான்.

மாலை 5.00. ஆரோக்கியம் பின்சீட்டில் தூங்கிவிட்டான். என்னை விழுப்புரத்தில் விட வண்டி போய்க்கொண்டிருந்தது. முன்சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டேன். “அந்தக் கறி வாடை உனக்கு எப்படிடா இருக்கு?”

“முதல் ரெண்டு வாரம் குமட்டிச்சு. வண்டியை நிறுத்திட்டு வாந்தி எடுத்திருக்கேன். வீட்ல வாசல்லயே குளிச்சாத்தான் உள்ள விடுவாங்க. இன்னிக்கும் அப்பிடித்தான்.” ஒரு லாரியை முந்தவிட்டுத் தொடர்ந்தான். “இப்ப பழகிப்போச்சுன்னு சொல்ல மாட்டேன். நல்லா வந்திருக்குதா, இல்லையான்னு மட்டும் பாக்குறேன். வேற எதையும் நினைக்கறதில்ல.”

சாலையோரக் கரும்பு வயல்களில் வெயில் சாய்ந்திருந்தது.

6.10. விழுப்புரம் சந்திப்பு. இருவரும் பிளாட்பாரம் வரை வந்து விட்டுப் போனார்கள். சிமெண்ட் பெஞ்சில் தனியே உட்கார்ந்தபோது கரூர் ஞாபகம் வந்தது. அங்கே எனக்கும் நண்பர்கள் உண்டு. தினமும் காலையில் ஐந்து பேர் சேர்ந்து அமராவதி ஆற்றோரம் நடக்கிறோம். அரசியல் பேசுவோம், கிரிக்கெட் பேசுவோம், பில்டர் காபி குடித்துவிட்டுக் கலைவோம். யாருக்கு எது வேலை செய்யவில்லை என்று ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர்களில் ஒருவர் நல்லசாமி, எனக்கு மூத்தவர். இரண்டு மாதமாக நடைக்கு வருவதில்லை. வேலை இருக்கிறது என்று சொன்னார். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

“சொல்லுங்க மணி. என்னங்க, இந்த நேரத்துல?”

“ஒண்ணுமில்லைங்கண்ணா. நடைக்கு ஏன் வர்றதில்லைன்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. அவர் சொல்லத் தொடங்கினார். என் வண்டி வர இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.