அக்கா கொடுத்த திருத்த மனு

எங்கள் அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னலில் உட்காரும் எழுத்தர், ஒரு பெயரை எழுதி முடித்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிடுவார். அடுத்த பெயருக்கு மறுபடி எடுத்துத் திறப்பார். ஒரு நாளில் பத்துப் பெயர் வந்தால் பத்துத் தடவை. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட மாறியதில்லை. மை காய்ந்துவிடும் என்கிற பயம் என்பார் பதிவாளர். வேலையை இழுத்தடிக்கிற தந்திரம் என்பார் முதல் ஜன்னல் அம்மா. மூன்றாம் ஜன்னல் இறப்புப் பதிவுக்கானது. பேனா திறந்தே கிடந்தால் யாராவது வந்துவிடுவார்கள் என்று அவர் பயப்படுகிறாரோ என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை. நான் அங்கே கூட்டித் துடைத்து டீ போடுகிறவள்.

எங்கள் கூடத்தில் மூன்று ஜன்னல்கள். ஒன்று பிறப்பு, இரண்டு திருமணம், மூன்று இறப்பு. மனுஷன் வாழ்க்கையை இருபதடி நீளத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். வந்து போகிறவர்கள் எழுத்தரை "மூணாம் ஜன்னல்" என்றே சொல்வார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. "பக்கத்து ஜன்னலுக்குப் போக இன்னும் நேரம் வரல" என்று கேட்பவர்களிடம் சொல்வார். அவரை வளர்த்த அக்காவோடு, என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். மூன்று வருடம் முன்பு, இது நடந்தபோது, அக்காவுக்கு எழுபத்தொரு வயது. முட்டி இரண்டும் போய்விட்டது. நாக்கு மட்டும் நன்றாக இருந்தது.

அந்த வருடம் வெள்ளம் வடிந்ததும் ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. அதனால் பெஞ்சும் மின்விசிறியும் வரிசைக் கம்பியும் இருக்கிற அரசுக் கட்டடத்தில் எல்லாம் மருந்து கொடுக்கச் சொல்லி உத்தரவு. எங்களுக்கும் பெட்டி பெட்டியாக மாத்திரை வந்தது. கூடவே ஒரு நர்ஸம்மா வந்தார். அவர் ஒரே மூச்சில் சொன்னது இரண்டு விஷயம். காய்ச்சல் கண்ட மூன்று நாளுக்குள் முதல் மாத்திரை உள்ளே போக வேண்டும், வயதானவர்களுக்கு அதற்கு மேல் போனால் கஷ்டம். வாங்குகிற ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெட்டி வராது.

பதிவாளர் உடனே கூட்டத்தைப் பிரித்தார். குழந்தைகளுக்கு முதல் ஜன்னல், நடுவயதுக்காரர்களுக்கு இரண்டாம் ஜன்னல், அறுபது தாண்டியவர்களுக்கு மூன்றாம் ஜன்னல். "எவ்வளவு வசதியா அமைஞ்சிருக்கு பாருங்க" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு மேலே இருந்த பலகைகளை வெள்ளைத்தாள் ஒட்டி நான்தான் மறைத்தேன். மின்விசிறிக் காற்றில் மூன்றாவது தாள் மட்டும் அரை மணி நேரத்தில் கழன்று தொங்கியது.

பெயர் எழுத வெற்று நோட்டுகள் வரும் என்றார்கள், வரவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பதிவேடு இல்லாமல் கை ஓடாது. அலமாரியில் இருந்த புதுப் பதிவேடுகளை எடுத்து விரித்தார்கள். குழந்தைகள் பிறப்புப் பதிவேட்டில் ஏறினார்கள். எந்தத் தாயும் கவலைப்படவில்லை. இரண்டாம் ஜன்னலில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தவர்களைத் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "சார், ரெண்டாவது தடவையும் இவளேதானா?" என்று கேட்டார். "போட்டுட்டு வா, வீட்ல பேசிக்கலாம்" என்றாள் அந்த அம்மாள்.

மூன்றாம் ஜன்னலில் எழுத்தர் இறப்புப் பதிவேட்டை விரித்தார். அட்டைமேல் இருந்த தலைப்பைச் சிவப்பு மையால் அளவுகோல் வைத்து அடித்து, "மருந்து" என்று அழகாக எழுதினார். உள்ளே அச்சடித்த கட்டங்களை மாற்ற அவருக்கு அதிகாரம் கிடையாது. அப்படியே விட்டார். அவர் அக்காவுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், காய்ச்சல் கண்டிருந்தது. அதனால் ஜன்னல் திறக்கும் முன்பே அக்காவுக்கான ஐந்து மாத்திரையை எடுத்துவைத்து, முதல் எண்ணில் அக்கா பெயரை எழுதினார். பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அன்று வரிசையில் முதலில் நின்றவர் அச்சகத்தில் நாற்பது வருடம் எழுத்துக் கோத்தவர். தலைகீழாகப் படிப்பது அவருக்குத் தொழில். எழுத்தர் பேனாவை எடுப்பதற்குள் அவர் கம்பிக்கு வெளியே இருந்தே படித்துவிட்டார்.

"இறந்தவர் பெயர்னு போட்டிருக்கு."

"அது பழைய கட்டம்ங்க. நீங்க பேரைச் சொல்லுங்க."

"இறப்புக்குக் காரணம், காய்ச்சல்னு போட்டிருக்கு."

"அது எல்லாருக்கும் காய்ச்சல்தானே சார்."

"யோவ், நான் மாத்திரைக்கு வந்தேன்யா. இதுக்கு வரல!"

தொங்கிய தாளுக்குப் பின்னால் பலகையும் தெரிந்தது. வரிசை கலைந்த வேகத்தைப் பார்த்து, முட்டி வலிக்காரர்கள் இத்தனை பேர் ஓடுவார்களா என்று நர்ஸம்மாவே ஆச்சரியப்பட்டார். மதியத்துக்குள் செய்தி எல்லாத் தெருவுக்கும் போய்விட்டது. முதல் எண்ணில் யார் என்பதும் சேர்ந்தே போனது.

சாயங்காலம் நான் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. எழுத்தர் மாத்திரையோடு உள்ளே வந்தார்.

"வாடா. என்னை எழுதிட்டியாமே?"

"அது மருந்து எழுதற புஸ்தகம்க்கா."

"எத்தனாவது நம்பர்?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணு."

"பாத்தியாம்மா? ஊர்ல எவ்வளவு கிழடு கட்டை கிடக்கு, என்னைத்தான் முதல்ல அனுப்பியிருக்கான். காரணம் என்ன போட்டே?"

"காய்ச்சல்."

"தகவல் குடுத்தது யாருன்னு ஒரு கட்டம் இருக்குமே?"

"நான்தான்க்கா. தம்பின்னு போட்டிருக்கேன்."

"நல்லா இருடா. அதான் எழுதியாச்சே, அப்புறம் எதுக்கு மாத்திரை? செத்தவளுக்கு வைத்தியம் பார்த்தா உன் வேலை போயிடும்."

நான் சிரிப்பை அடக்கச் சீப்பைக் கடித்துக்கொண்டேன். எழுத்தர் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்தால் விடாமல் பேசுகிறவர், அன்று மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மதியத்தோடு அந்த மூன்று நாள் முடிகிறது.

செவ்வாய்க்கிழமை காலை மாத்திரையை இடித்து டீயில் கலந்தார். அக்கா ஒரு வாய் உறிஞ்சி, அப்படியே பேசினில் துப்பினார். "சர்க்கரையாவது கூடப் போடக்கூடாதா? என் பேரை அதுலேருந்து அடி. அடிச்சா முழுங்கறேன். அடிக்கலைன்னா வாயைத் திறக்க மாட்டேன்."

"பதிவேட்டுல அடிக்கக் கூடாதுக்கா. இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு பேரை அடிச்சதில்ல."

"ஏன், அடிச்சா எந்திரிச்சு வந்துடுவாங்களா?"

"திருத்தணும்னா அதுக்கு மனு இருக்கு. சம்பந்தப்பட்டவங்க நேர்ல வரணும். ரெண்டு சாட்சி வேணும்."

"செத்தவங்க நேர்ல வரணுமா?"

எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். "இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

அன்று முழுக்க மூன்றாம் ஜன்னலில் ஈ ஓட்டவும் ஆளில்லை. பேனா பையைவிட்டு வெளியே வரவே இல்லை. பதிவாளர் இரண்டு முறை வந்து எட்டிப்பார்த்துப் போனார். சாயங்காலம் அக்காவுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. பேச்சு குறைந்துவிட்டது. அதுதான் எங்கள் இரண்டு பேரையும் பயமுறுத்தியது. நான் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் வற்புறுத்தியதில்லை. அன்று, "அக்கா, நாளைக்கு நேர்ல போயிடலாமா? நான் ஒரு சாட்சி" என்றேன். அவர் கண்ணை மூடியபடியே, "நல்ல புடவையா எடுத்து வை" என்றார்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டால் கட்டி, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அச்சுக்காரருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். அவரை இரண்டாவது சாட்சியாக நான்தான் கூப்பிட்டேன். இந்த வம்பை ஆரம்பித்தவரே முடிக்கட்டும் என்று. கூடத்தில் மற்ற ஜன்னல்களில் நின்றிருந்த கூட்டம் வழிவிட்டது. மூன்றாம் ஜன்னல் முன் நாற்காலியை இறக்கினோம்.

எழுத்தர் திருத்த மனுப் படிவத்தை எடுத்தார். படிவம் கையில் வந்ததும் அவர் தம்பியாக இல்லை, மூணாம் ஜன்னலாகிவிட்டார்.

"மனுதாரர் பேரு?"

"உனக்குத் தெரியாதா?"

"நீங்கதான் சொல்லணும்மா. விதி."

அக்கா தன் பெயரையும் அப்பா பெயரையும் கதவு எண்ணையும் சொன்னார்.

"திருத்தம் கேட்கக் காரணம்?"

"இன்னும் சாகல."

கூடம் சிரித்தது. எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

"உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

இரண்டு நாளாகப் படுத்துக் கிடந்த குரல் அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியாது. "ஆதாரமாடா கேக்கறே? ஏழு வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சியே, அந்தப் போர்வையை அலசினவ யாரு? கணக்குல மூணு தடவை கோட்டை விட்டுட்டு மாடிப்படிக்குக் கீழே ஒளிஞ்சியே, இழுத்துட்டு வந்து சோறு போட்டவ யாரு? இந்த வேலைக்கு எழுதிப் போடும்போது விண்ணப்பத்துல போட்டோவைத் தலைகீழா ஒட்டினியே, பிச்சு மறுபடி ஒட்டினவ யாருடா? கூறுகெட்ட பயலே, பேனாவை மூடறதுல இருக்கற புத்தி எந்தப் புஸ்தகத்தைத் திறக்கணும்கறதுல இல்லையே!"

முதல் ஜன்னல் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. எழுத்தரின் காது சிவந்துவிட்டது. அவர் எழுந்து நின்று, சத்தம் கேட்டு வெளியே வந்த பதிவாளரிடம் மரியாதையாகக் கேட்டார். "சார், இதை ஆதாரமா எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கய்யா. எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

எழுத்தர் முதல் எண்ணுக்கு நேரே, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினார். பிறகு எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "மனுதாரர் நேரில் வந்தார். எழுத்தரைத் திட்டினார். உயிருடன் இருக்கிறார்." பதிவாளர் கையெழுத்திட்டார். முத்திரை விழுந்தது. நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு என் முழுப் பெயரை எழுதியது அன்றுதான். அச்சுக்காரர் கம்பிக்கு வெளியே இருந்தே தலைகீழாகப் படித்துச் சரிபார்த்து, "சரியா இருக்கும்மா" என்றார்.

"குடுடா" என்றார் அக்கா. ஜன்னல் வழியாகவே மாத்திரையும் தண்ணீரும் வந்தன. விழுங்கிவிட்டு, நம்பாமல் பார்த்த தம்பிக்கு வாயைத் திறந்து காட்டினார். கூடத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது. எழுத்தர் பின்னாலிருந்த அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் எதையோ தேடினார். அங்கே தேட ஒன்றும் இல்லை. காலையில் நானே ஒதுக்கிவைத்த அலமாரி அது.

அச்சுக்காரர் நகரவில்லை. "எனக்கும் அதே மாதிரி எழுதி முத்திரை குத்துங்க. அப்படின்னா மாத்திரை வாங்கிக்கறேன்" என்றார்.

அதற்குப் பிறகு மூன்றாம் ஜன்னல் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. உயிரோடு இருப்பதை அரசாங்கமே எழுதிக் கொடுக்கிறது என்றால் யார்தான் விடுவார்கள்? ஒரு பெரியவர் தன் மருமகளிடம் காட்ட நகல் கேட்டார். இன்னொருவர் "நலமாக" என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி மன்றாடினார். எழுத்தர் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். திட்டினால்தான் எழுதுவார் என்று வரிசையில் யாரோ கிளப்பிவிட்டதில், வந்த ஒவ்வொருவரும் கடமையாக அவரைத் திட்டிவிட்டு மாத்திரை வாங்கினார்கள். குச்சி ஊன்றி வந்த ஒரு அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சோம்பேறி" என்றார். உடனே, "தப்பா எடுத்துக்காதேப்பா, வேற தோணல" என்றார். "பரவாயில்லம்மா, போதும்" என்று எழுத்தர் குறித்துக்கொண்டார். சனிக்கிழமை முடியும்போது இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

எல்லோரும் பிழைத்துவிடவில்லை. எங்கள் தெருக்களில் பதினோரு பேர் போனார்கள். அவர்களில் நான்கு பேர் அந்த முதல் நாள் வரிசையைவிட்டு ஓடியவர்கள். அவர்களை எழுத்தர் வேறு பதிவேட்டில், கட்டம் மாறாமல் எழுதினார். அந்த நான்கு பெயரை எழுதிய நாளில் நான் வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

இப்போது காய்ச்சல் இல்லை. அடுத்த முறை ஏதாவது வந்தால் எங்கள் கூடம்தான் மருந்து கொடுக்கும் இடம் என்று எழுத்தில் வந்திருக்கிறது. வெற்று நோட்டுகள் இருபது, இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கின்றன. அறுபது தாண்டியவர்களுக்கு முதல் ஜன்னல். அக்காவுக்கு எழுபத்துநான்கு வயது ஆகிறது.