சிங்காரம் வளர்த்த காவல் நாய்

ஆட்டுக்கிடை போடும் சிங்காரம் ஒரு ஊருக்குள் நுழைந்தால் முதலில் நாய்களைத்தான் விசாரிப்பான். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆடுகளை மடக்கிப் படுக்கவைத்தால் நிலத்துக்கு நல்ல உரம். அதற்காக அவனைக் கூப்பிடுவது நாங்கள்தான். ஆனால் நடப்பது அவன் சட்டம். ஊர் நாய்களையெல்லாம் கட்டிப்போட வேண்டும். கட்டுக்கு அடங்காத நாய்க்குக் கழுத்தில் ஒரு கட்டையைத் தொங்கவிட வேண்டும். ஓடினால் கட்டை முட்டியில் அடிக்கும், ஆட்டைத் துரத்த முடியாது.

“ஒன் நாயி மட்டும் சும்மா திரியுதே” என்று கேட்டால் சிரிப்பான்.

“அது நாயே இல்ல மச்சான். ஆட்டுப்பால் குடிச்சி வளந்துது. தானும் ஒரு ஆடுன்னுதான் நெனச்சிக்கினு இருக்குது.”

அதற்குக் கரிச்சான் என்று பேர்.

அறுபத்து நாலு சித்திரையில் என் நிலத்தில் கிடை. அதற்கு முந்திய கிடை திருவந்திபுரத்துக்குப் பக்கத்து ஊரில். அங்கே ஒரு ஆட்டுக்குட்டி கடிபட்டுச் செத்துக் கிடந்தது. கீரை விற்கும் முத்தம்மாளின் நாய் கட்டையை அறுத்துக்கொண்டு திரிந்திருக்கிறது. “ரத்தம் பாத்த நாயி மறுபடியும் வரும்” என்றான் சிங்காரம். அவன் பேச்சை நம்பி ஊரார் அந்த நாயை அடித்துக் கொன்றுபோட்டார்கள்.

என் நிலத்தில் மூன்றாம் நாள் விடிந்தபோது இரண்டு குட்டிகள் தொண்டை கிழிந்து கிடந்தன. உடனே ஆட்கள் தடியோடு என் வீட்டு நாய் செவலையைத் தேடிப் போனார்கள். அது வண்டிச் சக்கரத்தில் சங்கிலியோடு படுத்திருந்தது. ஊரில் அவிழ்ந்த நாய் ஒன்றுகூட இல்லை.

சிங்காரம் கரிச்சானுக்குக் கஞ்சி ஊற்றினான். தினமும் சட்டியை வழித்து நக்குகிற நாய், மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் அதன் வாயைப் பிளந்து விரலை விட்டான். பல்லிடுக்கிலிருந்து குட்டியின் வெள்ளை முடி வந்தது.

அவன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப முத்தம்மா நாயி?” என்றான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

கரிச்சான் கழுத்தில் கயிற்றைப் போட்டுக்கொண்டு அப்போதே முத்தம்மாள் ஊருக்கு நடந்தான். அவன் இருந்த இருப்புக்குத் தனியே விட மனசு கேட்காமல் நானும் போனேன்.

முத்தம்மாள் வாசலில் கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலியோரம் அவள் நாயின் கட்டை இன்னும் கிடந்தது.

“தங்கச்சி, குட்டியக் கடிச்சது ஒன் நாயி இல்ல. இதுதான்” என்று கயிற்றை நீட்டினான். “அடிச்சிப் போடு, இல்ல வச்சிக்க. நீ சொல்றதுதான்.”

அவள் அவனைப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தாள். அது அவள் முந்தானையை மோந்தது.

“இதும் பேரு என்னா?”

“கரிச்சான்.”

“எந்நாயி பேர அன்னிக்கி நீ கேக்கல.”

அப்போதும் சிங்காரம் அதைக் கேட்கவில்லை. அவள் கயிற்றை வாங்கி முருங்கை மரத்தில் கட்டிவிட்டு, மறுபடி கீரைக்கு உட்கார்ந்தாள்.