பெயில் விசாரிக்க வந்தவர்கள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம் இருந்தோம். நான் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. எண்பதுகளின் கடைசியில் எதிர் போர்ஷன் குமாஸ்தாவின் மகள் பிளஸ் டூவில் பெயிலானாள்.

பெயிலுக்கும் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் தெரு ஆட்கள். சாவு வீட்டிலாவது சீக்கிரம் எழுந்து போவார்கள். இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, காபி குடித்து, எந்தப் பாடம் போச்சு என்று கேட்டு, தங்கள் பிள்ளை வாங்கிய மார்க்கை யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவார்கள். எல்லாம் மெத்தப் படித்தவர்கள். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் இருப்பது அவர்களுக்குத் தெரியும். அவள் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள்.

அவள் அழுதாள், சாப்பிடவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன?" என்று ஒருநாள் கத்தினாள்.

"சொல்றவ செய்யமாட்டா" என்றார் அவள் அப்பா, பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

பிறகு அழுகை திடீரென்று நின்றது. தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக வந்து தன் பொருள்களைக் கொடுத்தாள். கோடி வீட்டு அம்மாள் கொலுசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வெள்ளிதான் என்று உறுதி செய்துகொண்டு, "என்ன மனசுடி உனக்கு! தெளிஞ்சிட்டே" என்று மெச்சினாள்.

எங்கள் மகளுக்குக் கைக்கடிகாரம் வந்தது. "எனக்கு இனிமே வேணாம்க்கா."

என் மனைவி கடிகாரத்தை வாங்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவியின் தம்பியும் உயிரை விடுவதற்கு முன்னால் சட்டைகளை இப்படித்தான் பங்கிட்டுக் கொடுத்தான்.

"இன்னா கண்ணு, செத்துப் பூடலாம்னு நெனச்சினு கீறியா?"

"வயசுப் பொண்ண கேக்கற கேள்வியா இது?" என்று வாசலிலிருந்து பாய்ந்தாள் கோடி வீட்டு அம்மாள். "தோணாததையும் நீயே சொல்லிக் குடுப்பே போல!"

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. "ஆமாக்கா" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அத்தனை நாளில் அவளிடம் மார்க்கைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

மனைவி அவளைத் தனியே விடவில்லை. நான் யாரிடமும் நிமிர்ந்து பேசாதவன். அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து, விசாரிக்க வந்தவர்களை "வூட்ல யாரும் இல்லீங்க" என்று திருப்பி அனுப்பினேன்.

மனோதத்துவ டாக்டரிடம் காட்டலாம் என்று என் மனைவி சொன்னதும் குமாஸ்தா நெளிந்தார். "ஊர் சிரிக்கும்மா."

"சிரிச்சினு போவட்டும் சார். உங்க பொண்ணு சிரிக்க வேணாவா?"

மறுநாளே அந்தப் பெண்ணின் அம்மாவும் என் மனைவியும் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பல மாதம் போய் வந்தார்கள். மெல்ல மெல்லத் தேறினாள்.

"அவளுக்கு ஒண்ணுமே இல்ல. வீணா ஆஸ்பத்திரிக்கு இழுத்தடிச்சாங்க" என்று வாசலில் தீர்ப்பானது. சொல்லிக்கொள்ளட்டும். அந்த நேரம் அவள் குழாயடியில், வரிசை தாண்டி முந்திய குடத்தை எட்டித் தள்ளிவிட்டுச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.