வள்ளத்துல ஏறின பத்து நிமிசம்

மூணு மாசம் கழிச்சி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குடி கொறஞ்சிருந்த அண்டைக்கித்தான் எல்லாம் நாசமாப் போச்சி. எங்கட ஆராய்ச்சி வேலையில குடி கொறஞ்சாலும் தலையிடிதான்.

வெளங்கச் சொல்றன். தலவிலப் பக்கம் கடலுக்குப் போற, கொஞ்சம் கூடக் குடிக்கிற ஆக்களச் சேத்து, சீட்டுக் குலுக்கி ரெண்டாப் பிரிச்சோம். பாதிப் பேரோட நேர்ஸ் மிஸ் பத்து நிமிசம் குடியக் கொறைக்கிறதப் பத்திக் கதைப்பாங்க. மத்தவங்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் மட்டும். அந்தக் கதைக்குப் பலன் இருக்குண்டு காட்டினாத்தான் ஆஸ்பத்திரியெல்லாம் அத எடுக்கும். ரெண்டு பக்கமும் ஒண்டாக் கொறஞ்சா, கதையால ஒண்டும் நடக்கலண்டு எழுதணும். வெறும் துண்டுப் பிரசுரத்துக்கு இவ்வளவு கொறையுமா? யாரோ பொய் சொல்றாங்க. எனக்கு அப்பவே சந்தேகம்.

தண்ணிக் கிளாஸ்

முதல்ல அந்தோனி அண்ணன்ட வீடு. அவரு துண்டுப் பிரசுரக்காரரு. கிளாஸக் குடுத்து, சாராயம் எவ்வளவு ஊத்துவீங்களோ அவ்வளவு தண்ணி ஊத்திக் காட்டுங்கண்டன். அடியில கொஞ்சம் ஊத்தினாரு. நான் நம்பாம அவர்ட மனிசியப் பாத்தன். உண்மதானாம், இப்ப அவ்வளவுதானாம். பொறகு அக்கா என்னையே உத்துப் பாத்தாங்க.

"மனிசன் குடியக் கொறச்சிருக்கான். ஒனக்கேன் தம்பி மூஞ்சி கறுக்குது?"

யாரு அனுப்பினது?

விடாம மத்த வீடுகளுக்கும் போனன். எங்க குடிக்கிறது, ஆரோட குடிக்கிறதுண்டு திரும்பத் திரும்பக் கேட்டா ஆருக்குத்தான் பயம் வராது? கசிப்பு, அதான் கள்ளச் சாராயம், புடிக்க வந்த பொலிஸ் ஆளோண்டு ஒரு கதை பரவிட்டு. ஒருத்தரு என்ட தொழுகைத் தொப்பியப் பாத்தாரு, கையில இருந்த பேனையப் பாத்தாரு.

"குடிக்காத ஆளு குடியப் பத்தி இவ்வளவு கேட்டா, சம்பளம் எங்கருந்து வருதுண்டு நாங்களும் கேப்போம்."

வலை இழுக்கிற நேரம்

கடைசியில அந்தோனி அண்ணன்ட்டயே திரும்பிப் போய், எப்பிடிக் கொறச்சீங்கண்டு கேட்டன். முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! அவர்ட வள்ளத்துல நாலு பேரு. அதுல மைக்கலுக்கு மட்டும் நேர்ஸ் மிஸ்ஸோட கதைக்கிற சீட்டு விழுந்திருக்கு. மைக்கல் கேட்டதையெல்லாம் அப்பிடியே கடல்ல மத்த மூணு பேருக்கும் ஒப்புவிச்சிருக்காரு.

"மிஸ் பத்து நிமிசம்தானே கதைச்சாங்க. இவன் வலை இழுத்து முடியிற வரைக்கும் விட மாட்டான் தம்பி."

அடுத்த முறை

ஓடிப்போய் ஆராய்ச்சிய நடத்துற எங்கட டொக்டர்ட்டச் சொன்னன். கதை வேலை செஞ்சிருக்கு சேர், ஆனா சேரக்கூடாத பக்கமும் போய்ச் சேந்திருக்குண்டு. அப்ப இனி ஆளுக்கு ஆள் வேணாம், வள்ளத்துக்கு வள்ளம் சீட்டுப் போடுவோம்ண்டாரு. சந்தோசம் தாங்காம மைக்கலத் தேடிக் கரைக்கே போய் வெளங்கப்படுத்தினன். அவரு பொறுமையாக் கேட்டாரு.

"ஓம், நல்லம். ஆனா கரைக்கு வந்தா எல்லா வள்ளமும் ஒரே கடையிலதானே டீ குடிக்குது?"

இப்ப எனக்குக் குடிக்கிற ஆக்கள் மேல சந்தேகம் இல்ல, டீ குடிக்கிற ஆக்கள் மேலதான்.