கணவாய் பன்னிரண்டரைக்கு மூடும்

யசோதினி தன் விருப்பத்தில் ஓடத் தொடங்கவில்லை. சிவாஜினிக்குப் பூங்காவில் தனியாக ஓட வெட்கமாக இருந்தது. துணைக்கு வரச்சொல்லிக் கேட்டாள். இவள் போனாள், அவ்வளவுதான்.

இருவரும் பாரிஸில் பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து சிநேகிதமானவர்கள். சிவாஜினிக்கு எபினே-சூர்-செய்னில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. யசோதினி லூயி-பிளாங் தெருவில் ஒரு பயண முகவர் கடையில் ரிக்கெற் போடுகிறவள். விமானத்தில் முப்பது கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது என்று நாள் முழுக்கத் தொலைபேசியில் விளங்கப்படுத்திவிட்டு வருபவளுக்கு, வாய் திறக்காமல் ஒரு மணி நேரம் ஓடுவது பிடித்துப்போயிற்று. மூன்றாம் மாதம் பியூத்-ஷோமோன் பூங்காவின் படிகளை நிற்காமல் ஏறினாள். சிவாஜினி பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பற்றி இருவரும் கதைத்ததில்லை.

அந்தப் பூங்காவில் ஓடும் குழு ஒன்றை மார்செல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் நடத்திவந்தார். ஏப்ரல் மாதம் அவர் பதினொரு பேரை ஓவேர்ன் எரிமலைகளுக்குக் கூட்டிப்போனார். முதலில் ஏறியது பரியு. உச்சியில் நின்று பார்த்தால் உள்ளே பெரிய கிண்ணம்போலப் பள்ளம், அடிவரை புல்.

"இதுக்குள்ளையிருந்தோ நெருப்பு வந்தது?" என்றாள் சிவாஜினி.

"எண்ணாயிரம் வருசத்துக்கு முந்தியாம்."

"அப்ப பயமில்லை."

மறுநாள் சான்சி உச்சிக்கும் ஏறினார்கள். மேலே காற்று ஆளைத் தள்ளியது. இறங்கும் வழியில்தான் மார்செல் ஜூன் மாத ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார்: அதே மலைகளின் மேலாக முப்பத்தெட்டுக் கிலோமீற்றர். அன்றிரவே இருவரும் பெயர் கொடுத்தார்கள். சிவாஜினி ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒண்டாத் தொடங்கி ஒண்டா முடிக்கவேணும். சரியோ?"

"ஓம்."

ஓட்டம் காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. இருபத்திரண்டாவது கிலோமீற்றரில் ஒரு கணவாய். பன்னிரண்டரைக்கு அதை மூடிவிடுவார்கள். பிந்தி வருகிறவர்களை வாகனத்தில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். பத்தொன்பதாவது கிலோமீற்றர்வரை கணக்கு ஒத்துவந்தது. பிறகு சிவாஜினியின் தொடை பிடித்துக்கொண்டது. ஒரு கல்லில் இருந்துகொண்டு தொடையை உருவினாள், உப்புக் கரைசல் குடித்தாள், பத்தடி நடந்தாள், மறுபடி இருந்தாள். யசோதினி மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பது. முன்னால் மூன்று கிலோமீற்றர் ஏற்றம்.

"நீர் போம்," என்றாள் சிவாஜினி, தொடையைப் பார்த்தபடி.

அது போகச் சொல்லும் குரல் இல்லை. பதினைந்து வருடச் சிநேகிதத்தில் யசோதினிக்கு அது விளங்காமல் இல்லை. விளங்கியும் அவள் எழுந்தாள். தன்னிடம் இருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைச் சிநேகிதியின் மடியில் வைத்தாள். பின்னால் வந்த இரண்டு பேரிடம் இவளைப் பார்த்துக்கொள்ளும்படி பிரெஞ்சில் சொன்னாள். போனாள்.

கணவாயைக் கடந்தபோது நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது. மனம் உறுத்தும் என்று எதிர்பார்த்தாள். உறுத்தவில்லை; உடம்பு லேசாக இருந்தது. புல்வெளிச் சரிவில் இறங்கும்போது கால்கள் தாமாகவே ஓடின. நாலே முக்காலுக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினாள். மார்செல் கைகொடுத்தார். சிவாஜினி கணவாய்க்குப் பதினொரு நிமிடம் பிந்தி வந்து, இலக்கத் தாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கீழே வந்த வாகனத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தாள்.

கிளெர்மோனில் இருந்து பாரிஸின் பெர்சி நிலையத்துக்கு வரும் ரயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பாதி வழியில் சிவாஜினி சொன்னாள்:

"நான் போம் எண்டு சொன்னனான்தான். நீர் போவீர் எண்டு நினைக்கேல்லை."

"போகமாட்டன் எண்டு நினைச்சோ சொன்னனீர்?"

"ஓம்."

யசோதினி மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்யாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து கணவன் உதயனிடம் மட்டும், விட்டுவிட்டுப் போனபோது தனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னாள். அவன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"அதை அவவுக்குச் சொல்லிப்போடாதையும்," என்றான்.

மூன்று மாதம் சிவாஜினி தொலைபேசி எடுக்கவில்லை. யசோதினி ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவோடு ஓடினாள். செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை சிவாஜினி கடைக்கு வந்து, தாய்க்குக் கொழும்பிலிருந்து வர ரிக்கெற் கேட்டாள். திகதி பார்த்தார்கள், டோகாவில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று பார்த்தார்கள். கடவுச்சீட்டுப் பிரதியைத் திருப்பி வாங்கும்போது, "நாளைக்கு எத்தினை மணிக்கு ஓடுறியள்?" என்று கேட்டாள்.

"எட்டுக்கு."

அடுத்த ஜூனில் இருவரும் மறுபடி பெயர் கொடுத்தார்கள். இம்முறை நிபந்தனை ஒன்றும் இல்லை. முதல் கிலோமீற்றரிலேயே பிரிந்துவிட்டார்கள். யசோதினி முடித்து, உடுப்பு மாற்றி, கடதாசிக் கோப்பையில் சூப் குடித்துக்கொண்டு நின்றபோது, ஐம்பது நிமிடம் பிந்தி சிவாஜினி வந்தாள். நேரே புல்லில் இருந்து சப்பாத்தைக் கழற்றினாள். பெருவிரல் நகம் கறுத்திருந்தது.

"இது விழுமோ?"

"விழும். ரண்டு கிழமை எடுக்கும்," என்று சொல்லிவிட்டு யசோதினி அவளுக்கும் சூப் வாங்கப் போனாள்.