மாட்டு டாக்டரின் புத்தகம்

டாக்டரின் குரல் எங்கள் வீட்டுச் சமையலறையில் முதன்முதலாகக் கேட்ட மத்தியானம், நான் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அம்மிக்குப் பக்கத்தில் பலகை போட்டு, அதன்மேல் செங்கல் அளவில் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்து, என் ஓரகத்தி பொத்தானை அழுத்தினாள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஓர் ஆண் குரல், யாரோ ஒருவருடைய சிறுநீரின் நிறத்தை ஆங்கிலத்தில் நிதானமாக வர்ணிக்கத் தொடங்கியது. கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் எழுந்தே வந்துவிட்டார். "உள்ள யாரு வந்துகீறது?" என்றார். அக்கா சிரிக்காமல், "டாக்டர்" என்றாள்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எண்பதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணத்துக்கு முன்பே ஆங்கில டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியிருந்தாள். கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சான்றிதழ் ட்ரங்குப் பெட்டியோடு சரி. அப்போதுதான் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு டாக்டர் சின்னதாக நர்சிங் ஹோம் திறந்தார். கூடவே ஒரு பரிசோதனைச் சாலை. வெளிநாட்டில் சில வருஷம் வேலை பார்த்தவர். அங்கே பழகியபடி, காலையில் ரத்தத்தையும் சளியையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே முடிவுகளை டேப்பில் பேசிவிடுவார். அதை யாராவது கேட்டு டைப் அடித்து வைக்க வேண்டும். மாலையில் நோயாளிகள் வரும்போது அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் அந்தத் தாள்தான் போகும். ஊரில் ஆங்கிலம் டைப் அடிக்கத் தெரிந்த பெண் யார் என்று விசாரித்தார்கள். அக்காவைக் காட்டினார்கள்.

நர்சிங் ஹோமில் பகலெல்லாம் குழந்தைகள் அழும், ஒன்றும் காதில் விழாது. அதனால் ரிக்கார்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சொற்களைக் கையால் எழுதிக்கொண்டு, நாலு மணிக்குப் போய் டைப் அடிப்பாள். பேட்டரி இறங்கினால் டாக்டரின் குரல் கனத்து, தூங்கி வழிவதுபோல் ஆகிவிடும். அக்கா பேட்டரியை எடுத்து வெயிலில் வைப்பாள். எனக்கும் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலம் கொஞ்சம் இருந்ததால் நானும் ஒரு காதைக் கொடுத்தேன். நோயாளியின் பெயர் புரிந்தது. வயது புரிந்தது. அதன் பிறகு வந்தவை நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டிராத சொற்கள்.

டாக்டரிடம் தடிமனான ஒரு மருத்துவ அகராதி இருந்தது. அதைக் கொடுத்து, "எல்லாம் இதுல இருக்கும்மா" என்றார். இருக்கத்தான் இருந்தது. ஆனால் அகராதியில் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க அதன் முதல் எழுத்து தெரிய வேண்டும். எழுத்து தெரியாமல்தானே அகராதியைத் திறக்கிறோம்! 'ஈசினோபில்' என்று டாக்டர் சொன்னதை நாங்கள் ஐ எழுத்தில் தேடினோம், ஒய் எழுத்திலும் தேடினோம். 'ஜீம்சா' என்ற சாயத்தை ஜே எழுத்தில் தேடினோம். 'சூடோ' என்று தொடங்கிய ஒன்றை எஸ் பக்கங்களில் விரல் தேயத் தேடி விட்டுவிட்டோம். அதன் தலையில் பேசாத பி ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் அக்கா காதில் விழுந்தபடியே அடித்தாள். டாக்டர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன தாள் ஒன்று, பல சொற்களுக்கு அடியில் சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

டாக்டர் திட்டவில்லை. அதுதான் அக்காவுக்கு வலித்தது. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். சரியா வரலேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒரு ஆளை வரவழைக்கிறேன்" என்றாராம். வீட்டுக்கு வந்து கைகால் கழுவாமலே உட்கார்ந்தாள். "இந்த வேல போச்சுன்னா மறுபடியும் நெல்லு காயவெக்கறதுதாண்டி" என்றாள். நெல் காயவைப்பது அவளுக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் இந்த மூன்று நான்கு மாதங்களில் அவள் வேறு ஒருத்தியாகியிருந்தாள். சோறு வடிக்கும்போதுகூட ஏதாவது ஒரு சொல்லை முணுமுணுப்பாள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு வேண்டியது எழுத்து வரிசையில் இல்லாத ஒரு புத்தகம். ரத்தத்துக்கு ஒரு அத்தியாயம், சளிக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று என்று இருந்தால், டாக்டர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தப் பக்கங்களில் கண்ணை ஓட்டி, காதில் விழுந்ததைப் பிடித்துவிடலாம். இந்த யோசனை அக்காவுடையது. கிளை நூலகத்தில் கேட்டோம். நூலகர் இருந்த இடத்தைவிட்டு எழாமல், "வைத்தியமா? சித்த வைத்தியம் கீது, மூலிகை கீது" என்றார். காஞ்சிபுரம் போனபோது பேருந்து நிலையத்தை ஒட்டிய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர் விலங்கியல் நோட்ஸை எடுத்துப் போட்டு, "லேப்பு தானே? இதுல தவளைகூட அறுத்துக் காட்டிக்கீறான், எடுத்துக்கினு போங்க" என்றார். சென்னையில் பழைய புத்தகக் கடைகளுக்கும் ஒரு நாள் போனோம். கிடைத்தது நர்ஸுகளுக்கான சிறு கையேடு ஒன்று. படுக்கை விரிப்பு மாற்றுவது எப்படி என்று அழகாகச் சொல்லியிருந்தது.

புத்தகம் இருந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஒரு நாள் எங்கள் பசு தீனி எடுக்காமல் நின்றது. சிறுநீர் காபி நிறத்தில் போயிற்று. கணவரும் நானும் ஓட்டிக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாட்டு டாக்டர் அதன் காதில் ஊசி முனையால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, உதவியாளரிடம் நீட்டினார். "ஜீம்சா போட்டு எடுத்துக்கினு வா. ஈசினோபில் எப்டி கீதுன்னும் பாத்துடலாம்" என்றார். நான் கயிற்றை விட்டுவிட்டேன். எங்கள் சமையலறைச் சொற்கள் சாணி வாசனைக்கு நடுவே, வேறொருவர் வாயிலிருந்து வருகின்றன! "இன்னாம்மா, மாட்ட புடி" என்று கணவர் சத்தம் போட்டது நினைவிருக்கிறது. நான் மாட்டு டாக்டரிடம், "சார், அந்த ஜீம்சாவுக்கு மொத எழுத்து இன்னா சார்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஜி" என்றார்.

மறுநாளே அக்காவை அழைத்துப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் உள்ளே போய், மூலை மடிந்த ஒரு புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். அவர் படித்த காலத்துப் பரிசோதனைச் சாலைப் புத்தகம். ரத்தம் தனியாக, சாணம் தனியாக, சிறுநீர் தனியாக, சாயங்கள் தனியாக, அக்கா மனத்தில் வைத்திருந்த அதே அமைப்பு. "எடுத்துக்கினு போங்க. எனக்கு இப்ப எல்லாம் மனப்பாடம்" என்றார். பசுவும் ஒரு வாரத்தில் தேறிவிட்டது.

அதன் பிறகு எங்கள் மத்தியானங்கள் மாறிப்போயின. டேப் ஓடும். நான் பக்கத்தைப் புரட்டுவேன். ஒலியும் எழுத்தும் பொருந்தும் கணத்தில் அக்கா தொடையில் தட்டிக்கொள்வாள். ஒரே சொல்லின் பாதி வேறு சொற்களிலும் வருவதை அவளே கண்டுபிடித்தாள். 'லூக்கோ' என்றால் வெள்ளை, 'எரித்ரோ' என்றால் சிவப்பு. "அப்போ பச்சைக்கு இன்னாவா இருக்கும்?" என்று கேட்டு, அதைத் தேடுவதில் அரை மணி போகும், குழம்பு அடிப்பிடிக்கும். தாள்கள் திரும்பி வருவது நின்றது. டாக்டர் மெட்ராஸ் ஆள் பேச்சை எடுக்கவில்லை. எழுத்தில் அந்தப் புத்தகம் எங்களை ஒருமுறைகூட ஏமாற்றாததால், அதில் இருப்பதெல்லாம் வேதவாக்காகிவிட்டது.

அப்படியிருக்கையில்தான் அந்த ஈ.எஸ்.ஆர். வந்தது. ரத்தத்தைக் குழாயில் நிறுத்தினால், ஒரு மணி நேரத்தில் அதன் சிவப்பு எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்கிற கணக்கு. திருப்புலிவனத்திலிருந்து வந்த, நடவு வேலை செய்யும் ஒரு பெண்ணுடைய ரத்தம். டேப்பில் எண் சரியாக விழவில்லை. பேட்டரி வேறு இறங்கியிருந்தது. பதினைந்தா ஐம்பதா? ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி, கடைசியில்தான் பிரியும். பலமுறை ஓட்டிக் கேட்டோம். சரி, புத்தகம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்று திறந்தால், ரத்தம் ஒரு மணி நேரத்தில் இறங்குவதே அபூர்வம் என்று போட்டிருந்தது. அக்கா திகைத்துப்போனாள். "பதினஞ்சும் தப்பு, அம்பதும் தப்பாட்டம் கீதேடி. டாக்டரையே கேட்டுட்றேன்" என்றாள்.

"இது மாட்டு புக்கு அக்கா" என்று நான் இழுத்தேன்.

"ரத்தம் ரத்தம்தானே? மாட்டுக்கு இன்னா பச்சையாவா கீது?"

அன்று மாலை நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நோயாளிகள் சூழ்ந்திருக்க, டாக்டரிடம் போய், "டாக்டர், ரத்தம் இவ்ளோ தூரம் எறங்காதாமே. புக்குல போட்டுக்கீறான்" என்றிருக்கிறாள். எந்தப் புத்தகம் என்று அவர் கேட்க, பையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறாள். திறந்த பக்கத்தில் ஒரு காளை பக்கவாட்டில் நின்றிருந்தது. டாக்டர் மேசையில் குனிந்து சிரித்ததில் ஸ்டெதாஸ்கோப்பு கீழே விழுந்ததாம். மாட்டு ரத்தம் அப்படித்தான், அசையாது, குதிரை ரத்தம் வேகமாக இறங்கும், மனுஷ ரத்தம் வேறு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே விளக்கியிருக்கிறார். பிறகு, "சரி, நான் என்னதான் சொல்லியிருக்கேன், போடுங்க" என்று டேப்பைக் கேட்டார். ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை காதை ஒட்டி வைத்துக் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. "யாரும்மா இந்த ஆளு, இப்படி முழுங்கறான்?" என்றார். காலையில் வைத்த குழாய்களை அதற்குள் கழுவி அடுக்கிவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெண் வெளியே பெஞ்சில் இருந்தாள். இருமலுக்கு மருந்து வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டாள். டாக்டர் அவளை உட்காரவைத்து மறுபடி ரத்தம் எடுத்தார். குழாயைத் தாங்கியில் நிறுத்திவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். அக்கா மட்டும் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எத்தனையோ நாள் டைப் அடித்த மூன்று எழுத்துகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். "கண்ணு முன்னாலயே எறங்குதுடி. ஓசப்படாம. மேல எண்ண மாதிரி மஞ்சத் தண்ணி நிக்குது. அத்த பாத்துக்கினே இருக்கலாம்" என்று அன்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் ஆள்காட்டி விரல் காற்றில் மெல்லக் கீழே இறங்கியது.

ஐம்பது. பதினைந்து என்றால் சாதாரணம், ஐம்பது என்றால் உள்ளே ஏதோ நோய் இருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் இருமல் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மார்பை எக்ஸ்ரே எடுக்கக் காஞ்சிபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். காசநோய் என்று தெரிந்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். மறுநாள் முதல் டாக்டர் டேப்பில் ஒவ்வோர் எண்ணையும் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார்: ஐந்து, சுழி. அடுத்த முறை சென்னை போனபோது மனிதர்களுக்கான பரிசோதனைச் சாலைப் புத்தகம் ஒன்றையும் வாங்கிவந்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா மாட்டு டாக்டரின் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டு, கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது என் மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு கைப்பேசிக்கு வருகிறது. எண்ணுக்குப் பக்கத்திலேயே அது கூடவா குறைவா என்று அச்சிட்டும் இருக்கிறது. தேடுவதற்கு ஒன்றும் இல்லை. அக்கா இருந்திருந்தால், அதிலும் தெரியாத சொல் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைச் சமைக்கவிடாமல் செய்திருப்பாள்.

அந்தத் திருப்புலிவனத்துப் பெண்ணை அக்கா மறுபடி பார்த்தது, ஊசியும் மாத்திரையுமாக அவளுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய பிறகு. எங்கள் நிலத்தில் நடவுக்கு வந்த பெண்களோடு அவளும் வந்திருந்தாள். கன்னம் பூரித்திருந்தது. அக்கா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். வரப்பில் உட்கார்ந்து நாங்கள் கூழ் ஊற்றும்போது அவளும் அக்காவை உற்றுப் பார்த்து, "உங்கள எங்கியோ பாத்தாப்புல கீதே" என்றாள்.

"ஆஸ்பத்திரில பாத்திருப்ப."

"ஆங், அதான். நல்ல டாக்டருதான், கொற சொல்லக்கூடாது. ஆனா அன்னிக்கி ஒரு பேஜாரு பண்ணாங்கம்மா. காலைல ஒரு தபா ரத்தம் எடுத்தாங்க. சாயங்காலம் போனா, உக்காருன்னு சொல்லி இன்னொரு தபா குத்தறாங்க. பஸ்ஸும் போயிடுச்சி. மொத தபாவே ஒயுங்கா பாத்திருந்தா, ஒரு குத்து கொறஞ்சிருக்கும்ல?"

நான் வாயைத் திறந்தேன். சேற்றுக்குள் அக்காவின் கால் என் காலை அழுத்தியது.

"ஆமா, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டு, அக்கா அவள் குவளையை வாங்கி இன்னொரு கரண்டி கூழ் ஊற்றினாள்.